வந்து மறையும் செந்தடிப்பு

நள்ளிரவில் குழந்தையின் உடல் அனலாய்க் கொதிக்கிறது. தாய் விளக்கைப் போட்டுப் பார்க்கிறாள். மார்பிலும் வயிற்றிலும் தொடைகளிலும் செந்நிறத் தடிப்புகள். விடிந்ததும் முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைகிறாள். வரிசையில் காத்திருந்து உள்ளே நுழையும்போது காய்ச்சல் தணிந்துவிட்டது; குழந்தை சிரிக்கிறது; தோலில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இராத்திரி உடம்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது, டாக்டர்" என்கிறாள் தாய்.

"இப்போது ஒன்றும் இல்லையே, அம்மா! ஏதாவது பூச்சி கடித்திருக்கும்" என்கிறார் மருத்துவர்.

இருவரும் தாம் கண்டதைத்தான் கூறுகின்றனர். ஆயினும் நான்கு வாரங்கள் சென்றபின் அதே காய்ச்சல், அதே தடிப்பு, அதே உரையாடல். மாமியார் உடற்சூடு என்கிறார். அண்டை வீட்டார் கண்ணேறு என்கின்றனர். வேறொருவர் அம்மை என்று வேப்பிலை கொண்டு வருகிறார். ஐந்தாறு முறை இவ்வாறு நடந்தபின், தன் கண்கள் மீதே தாய்க்கு ஐயம் எழுந்துவிடுகிறது. இத்தகைய தாய்மாரை எண்ணியே இம்மாதம் இப்பகுதியை எழுதுகிறோம். அவர்கள் கண்டது உண்மையாக இருக்கலாம். அவ்வுண்மையைக் குறித்து வைப்பதே பல வேளைகளில் குழந்தையின் சிறுநீரகத்தையும் செவியையும் காக்கும் முதற்படியாக அமைகிறது.

எது இயல்பு, எது இயல்பன்று?

காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் காரணம் எளிதானதே. தட்டம்மை, சின்னம்மை, டெங்கு, பெயரில்லாத எத்தனையோ நச்சுயிர்க் காய்ச்சல்கள், உண்ட மருந்தினால் ஏற்படும் ஒவ்வாமை ஆகியவற்றுள் ஒன்றாகவே அது இருக்கும். பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளிக்காய்ச்சல் வருவதும் இயல்பே. எனவே இதைப் படித்த உடனே எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை.

ஆயினும் சில குழந்தைகளின் காய்ச்சல் வேறு வகையானது. சளி இல்லை, இருமல் இல்லை. வீட்டில் வேறு எவருக்கும் அது தொற்றுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விதமாக வந்து, ஏறத்தாழ அத்தனையே நாட்கள் நின்று, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தானே போய்விடுகிறது. இடைப்பட்ட நாட்களில் குழந்தை பெரும்பாலும் நலமாக ஓடியாடுகிறது. மாதங்கள், ஆண்டுகள் என இது தொடர்கிறது. முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர் கூறியது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் மலேரியா போன்றவற்றை. நாம் இங்கே கூறுவதோ, கொசுவும் இல்லாத, கிருமியும் இல்லாத முறைக்காய்ச்சல்.

கள்வனின்றி ஒலிக்கும் மணி

கிருமி இல்லாமல் காய்ச்சல் எவ்வாறு வரும்? உடலுக்குள் கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து அபாய அறிவிப்பு விடுக்கின்றன. அவற்றுள் முதன்மையான ஒன்று இன்டர்லூகின்-1 எனப்படுவது. மூளையை எட்டி உடலின் வெப்பத்தை உயர்த்துவதும், தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை விரியச் செய்து சிவப்பையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் இதன் செயல்களே. இந்த அறிவிப்பைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களுள் ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருந்தால், கள்வன் வராமலே காவற்காரன் மணியை அடிக்கிறான். வீடு முழுவதும் விழித்தெழுந்து தடியும் விளக்குமாக ஓடுகிறது, பகைவனோ இல்லை. அந்த ஓட்டமே காய்ச்சல். அந்தத் தீயே தடிப்பு.

இந்நோய்களுக்கு 'தன்னழற்சி நோய்கள்' என்று பொருள்படும் பெயர் 1999ஆம் ஆண்டில்தான் வழக்குக்கு வந்தது. அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த டேனியல் காஸ்ட்னரும் அவருடன் உழைத்தோரும் இப்பெயரை முன்வைத்தனர். அதற்கு முன்பு இந்தக் குழந்தைகள் உலகெங்கும் 'காரணம் அறியாக் காய்ச்சல்' என்ற ஒரே பட்டியலில் கிடந்தனர்.

தடிப்புக்கும் முகம் உண்டு

தடிப்புகள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும், உற்று நோக்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. எங்கே தோன்றுகிறது, நகர்கிறதா, நோகிறதா, அரிக்கிறதா, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்னும் ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைத்தால் மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

ஆர்மீனியர், துருக்கியர், அரேபியர், யூதர் ஆகிய மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மத்தியதரைக் கடற் குடும்பக் காய்ச்சல். காய்ச்சலுடன் கடும் வயிற்றுவலியோ மார்புவலியோ மூட்டுவலியோ வந்து, ஒன்று முதல் மூன்று நாட்களில் தணியும். வயிற்றுவலியின் கடுமையைக் கண்டு குடல்வால் அழற்சி என்று கருதி அறுவை செய்யப்பட்டவர்கள் பலர். இந்நோயில் சிலருக்கு வரும் தடிப்பு முழங்காலுக்குக் கீழே, கணுக்காலைச் சுற்றியோ பாதத்தின் மேற்புறத்திலோ தோன்றும். விளிம்பு தெளிவாக இருக்கும்; தொட்டால் சுடும், நோகும். ஓரிரு நாட்களில் அடையாளமின்றி மறையும்.

1982ஆம் ஆண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபில் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினர். அயர்லாந்தின் பழைய இலத்தீன் பெயரை வைத்து 'ஹைபெர்னியக் குடும்பக் காய்ச்சல்' என்று அதனை அழைத்தனர். 1999இல் அதன் மரபணு கண்டறியப்பட்டபின் பெயர் மாறியது; நோயும் அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று. இதில் காய்ச்சல் ஒரு வாரத்திற்கு மேலும், சில வேளைகளில் மூன்று வாரங்கள் வரையிலும் நீடிக்கும். தசைவலி எங்குள்ளதோ அங்கே மேல்தோல் சிவந்து தடிக்கும். பிறகு வலியும் தடிப்பும் இணைபிரியாமல் கையிலோ காலிலோ மேலிருந்து கீழ்நோக்கி நகரும். கண்களைச் சுற்றி வீக்கமும் காணலாம்.

1984இல் நெதர்லாந்து மருத்துவர் யோஸ் வான் டெர் மேர் குழுவினர் ஆறு நோயாளிகளைக் கொண்டு மற்றொரு வகையை விவரித்தனர். இது பெரும்பாலும் குழந்தையின் முதல் ஆண்டிலேயே தொடங்கும். தடுப்பூசி போட்ட பின் காய்ச்சல் தூண்டப்படுவது இதன் குறிப்பிடத்தக்க தன்மை. கழுத்தில் நெறி கட்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மூன்று முதல் ஏழு நாட்கள் நீடிக்கும். உடலெங்கும், சிலருக்கு உள்ளங்கை உள்ளங்கால்களிலும்கூட, சிறு சிவந்த புள்ளிகள் எழும். தட்டம்மை என்று எளிதில் ஏமாறக்கூடியது இதுவே. ஆனால் தட்டம்மை ஒரே குழந்தைக்கு மாதந்தோறும் வருவதில்லை அன்றோ!

இன்னொரு வகையில் தடிப்பு காணாக்கடியைப் போலவே இருக்கும். ஆயினும் காணாக்கடி அரிக்கும். இது அவ்வளவாக அரிப்பதில்லை, எரிச்சலே மிகுதி. காணாக்கடிக்குக் கொடுக்கும் ஒவ்வாமை மாத்திரைகளுக்கு இது அடங்குவதும் இல்லை. சிலருக்குக் குளிர்ந்த காற்றுப் பட்ட ஓரிரு மணி நேரத்தில் தோன்றி, ஒரு நாளுக்குள் மறையும். சிலருக்கோ பிறந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடும். 1962இல் மக்கிள், வெல்ஸ் என்னும் இரு ஆங்கில மருத்துவர்கள் ஒரு குடும்பத்தில் இத்தடிப்பும் காய்ச்சலும் செவிட்டுத்தன்மையும் சிறுநீரகச் சீர்கேடும் தலைமுறைதோறும் சேர்ந்து வருவதைக் கண்டு எழுதினர். 2001இல் இதன் மரபணுவும் புலனாயிற்று.

மூட்டுவாதத்தோடு வரும் ஸ்டில் நோயையும் இங்கே குறிப்பிட வேண்டும். குழந்தைகளின் மூட்டுவாதத்தை 1897இல் விவரித்த இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டில் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. இதில் காய்ச்சல் வாரக்கணக்கில் நாள்தோறும், பெரும்பாலும் மாலையில், உச்சத்தைத் தொட்டுக் காலையில் இறங்கிவிடும். காய்ச்சல் ஏறும்போது இளஞ்சிவப்பான புள்ளிகள் மார்பிலும் மேற்கையிலும் தொடையிலும் தோன்றும். காய்ச்சல் இறங்கியதும் சில மணி நேரத்தில் மறையும். நாம் முதலிற் கூறிய தாயும் மருத்துவரும் எதிரெதிராகப் பேச நேர்ந்ததன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பரவலானது, தொண்டை அழற்சி, வாய்ப்புண், கழுத்தில் நெறிகட்டு ஆகியவற்றோடு மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை நாட்காட்டி பார்த்து வருவதுபோல் வரும் காய்ச்சல். 1987இல் மார்ஷல் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் பன்னிரண்டு குழந்தைகளைக் கொண்டு இதனை முதன்முதலில் விவரித்தனர். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கிப் பருவ வயதுக்குள் தானே நின்றுவிடும். இதில் பொதுவாகத் தடிப்பு முக்கிய அடையாளம் அன்று. ஆகவே இந்நோய் என்று கூறப்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்தோறும் தடிப்பும் வருமாயின், நோயின் பெயரை மீண்டும் ஆராயும்படி மருத்துவரைப் பணிவுடன் கேட்பது தவறன்று.

காந்தள் தந்த மருந்து

'தானே வருகிறது, தானே போகிறது, விட்டுவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். இங்குதான் ஆபத்து மறைந்துள்ளது. அடிக்கடி எரியும் அழற்சியினால் இரத்தத்தில் மிகும் ஒருவகைப் புரதம், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறுநீரகத்தில் படிந்து அதனைக் கெடுத்துவிடும். காணாக்கடியைப் போன்ற வகையில் செவிப்புலனே மெல்ல மங்கக்கூடும். மறைவது தடிப்புத்தான், உள்ளே நடப்பது மறைவதில்லை.

ஆனால் இதற்கு மருந்து உண்டு. மத்தியதரைக் கடற் காய்ச்சலுக்கு 1972இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர் ஒரு சிறு கடிதத்தில் வழிகாட்டினார். கீல்வாதத்திற்குப் பன்னெடுங்காலமாக வழங்கி வந்த கோல்சிசின் என்னும் மருந்தை நாள்தோறும் உட்கொண்டால் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்பதே அவர் எழுதியது. 1986இல் இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் தங்கள் நீண்டகால அனுபவத்தை வெளியிட்டனர். தொடக்கத்தில் சிறுநீரகம் பழுதுறாதிருந்த 960 பேருள், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டோர் 54 பேர். அந்த 54 பேருள் 16 பேருக்குச் சிறுநீரில் புரதம் தோன்றியது. ஒழுங்காக உட்கொண்ட ஏனையோரிலோ நால்வருக்கு மட்டுமே. ஒரு மாத்திரையை நாள்தோறும் மறவாது கொடுக்கும் தாயின் கை என்ன செய்யவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோல்சிசின் ஐரோப்பாவில் ஒரு பூச்செடியிலிருந்து எடுக்கப்பட்டது. அதே பொருள் நம் செங்காந்தளிலும் உண்டு என்பதைப் பலர் அறியார். தமிழ்நாட்டின் மாநில மலராகிய காந்தளின் விதைகளுக்காகவே திண்டுக்கல், கரூர் வட்டாரங்களில் உழவர்கள் அதனைப் பந்தலிட்டு வளர்க்கின்றனர். அவ்விதைகளிலிருந்து கோல்சிசின் பிரித்தெடுக்கப்படுகிறது. எனினும் ஒன்றை அழுத்தமாகக் கூறுகிறோம்: கண்வலிக்கிழங்கு எனப்படும் காந்தட் கிழங்கு உயிரைப் போக்கும் நஞ்சு. கிழங்கையோ விதையையோ வீட்டு மருந்தாகக் கொடுக்க எவரும் எண்ணலாகாது. மருத்துவர் தரும் மாத்திரையிலும் அளவு மீறினால் ஆபத்தே. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அதனோடு சேரும்போது நஞ்சாக மாறக்கூடும்; ஆகவே வேறு நோய்க்குச் செல்லும்போதும், 'என் பிள்ளை கோல்சிசின் உட்கொள்கிறது' என்று சொல்லிவிட வேண்டும்.

மற்ற வகைகளுள் சிலவற்றுக்கு இன்டர்லூகின்-1 என்னும் அந்த அபாய மணியையே அடக்கும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. பிறவியிலேயே தடிப்போடு தோன்றும் கடுமையான வகையில் 18 பேருக்கு அனகின்ரா என்னும் மருந்தைக் கொடுத்த முடிவு 2006இல் வெளியாயிற்று. பிறந்தது முதல் தடிப்பின்றி ஒரு நாளும் அறியாதிருந்த அவர்களின் தோல், சில நாட்களிலேயே தெளிந்தது. இம்மருந்துகள் விலை மிகுந்தவை. எல்லா ஊர்களிலும் கிடைப்பவையும் அல்ல. அதனாலேயே நோயின் பெயரைச் சரியாக அறிவது இன்னும் இன்றியமையாததாகிறது. தேவையற்றவர்க்கு வீண் செலவும், தேவையுள்ளவர்க்கு வீண் தாமதமும் நேரக்கூடாது.

தாய் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒரு குறிப்பேடு. காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், வெப்பமானி காட்டிய அளவு, நின்ற நாள், உடன் வந்த வலி, வாந்தி, வாய்ப்புண், நெறிகட்டு, தடிப்பு ஆகியவற்றை எழுதுக. 'அடிக்கடி காய்ச்சல்' என்ற சொல்லால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. ஆறு மாதக் குறிப்போ ஒரே பார்வையில் உண்மையைக் காட்டிவிடும்.

இரண்டாவதாக, நிழற்படம். கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. தடிப்புத் தோன்றிய உடனே நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி, அருகிலும் சற்றுத் தொலைவிலும் படம் எடுத்து வைக்கவும். சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்தால் அது நகர்கிறதா என்பது தெரியும். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சற்றுக் கருத்தோ ஊதாச் சாயலோடோ தோன்றும். மருத்துவ நூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை என்பதால் அவற்றோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். உள்ளங்கையால் மெல்லத் தடவி மேடும் சூடும் உள்ளனவா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, இரத்தச் சோதனை. அழற்சியைக் காட்டும் சோதனைகளைக் காய்ச்சல் உள்ள நாளில் ஒருமுறையும், நலமாயிருக்கும் நாளில் ஒருமுறையும் செய்து ஒப்பிடுவது பயன் தரும். எப்போது செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கவும். தேவையெனில் அவர் மரபணுச் சோதனைக்கும் அனுப்புவார்.

நான்காவதாக, தாமாகச் செய்யாதிருத்தல். ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி வாங்கிக் கொடுப்பதையும், காய்ச்சலுக்கு அஞ்சித் தடுப்பூசியை நிறுத்துவதையும் தவிர்க்கவும். தடுப்பூசிக்குப் பின் காய்ச்சலும் தடிப்பும் வருமாயின் அதையும் எழுதி, முடிவை மருத்துவரிடமே விடவும்.

இறுதியாக, குடும்பத்தாருக்கு ஒரு சொல். இந்நோய்கள் பல பெற்றோர் வழியே வருபவை. சிலவற்றில் தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருந்த பழுது குழந்தையிடம் இரட்டையாகச் சேர்கிறது. நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களில் இவ்வாய்ப்பு சற்றுக் கூடுதல். வேறு சிலவற்றில் ஒருவர் வழியே வந்தாலே போதும். எவர் வழியும் இன்றிக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. இதில் எவர் குற்றமும் இல்லை. தாயின் பாலையும் தாயின் ஊட்டத்தையும் பழிப்பது அறியாமை. துன்புறும் ஒருத்தியை மேலும் துன்புறுத்துவது.

காத்திருக்கக் கூடாத வேளைகள்

குறிப்பேடு எழுதுவது நல்லது. ஆனால் எழுதிக்கொண்டே காத்திருக்கக் கூடாத வேளைகளும் உண்டு. கண்ணாடிக் குவளையைத் தடிப்பின் மேல் அழுத்திப் பார்த்தால், சாதாரணச் சிவப்பு மங்கும். மங்காத செம்புள்ளிகளோ ஊதாப் புள்ளிகளோ காய்ச்சலுடன் தோன்றினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குழந்தை மயங்கிக் கிடத்தல், கழுத்து விறைத்தல், மூச்சு வாங்குதல், ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு ஆகியவையும் அவ்வாறே. மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் தாமதம் கூடாது.

காய்ச்சல் ஐந்து நாட்களாகியும் விடாமல், கண்கள் சிவந்து, உதடு வெடித்து, நாக்குச் சிவந்து, கைகால் வீங்கி, தடிப்பும் இருந்தால் அது ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967இல் விவரித்த நோயாக இருக்கலாம். இதயத்தின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் அந்நோய்க்குக் காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள் சிகிச்சை தருவது மிகவும் முக்கியம். 'போன முறையும் தானாகப் போயிற்று' என்ற நினைப்பு அங்கே பெருந்தீங்காய் முடியும். பழகிய காய்ச்சலின் முகம் சற்று மாறினாலும் அதனைப் புதிய நோயாகவே கருதுங்கள்.

நாம் தொடக்கத்தில் கண்ட தாய் அடுத்த முறையும் அதே வரிசையில் நிற்பாள்; குழந்தை அன்றும் சிரித்துக்கொண்டிருக்கும்; தோலில் ஒன்றும் இராது. ஆனால் இம்முறை அவள் கையில் ஆறு மாதக் குறிப்பேடும் நான்கு நிழற்படங்களும் இருக்குமாயின், "இப்போது ஒன்றும் இல்லையே, அம்மா" என்னும் சொல்லோடு அந்த உரையாடல் முடிந்துவிடாது. மருத்துவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்குவார். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.